இடப்பக்கம் இரண்டு விரற்கடை

யாரோ தொட்டிருக்கிறார்கள். துப்பாக்கி கிளப்பின் ரிப்பேர் அறையில் மங்கையர்க்கரசி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தன் கைத்துப்பாக்கியின் பக்கத் தகட்டில் இருந்த அந்த ஸ்க்ரூவை வெறுங்கண்ணால் பார்த்தாள், பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள், பிறகு துப்பாக்கியையே ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். கோடு உடையவில்லை. ஸ்க்ரூவின் தலையிலிருந்து தகட்டின்மேல் வரைக்கும் நெயில் பாலிஷால் இழுத்துவிட்ட அந்தச் சாட்சிக் கோட்டைக் கிளப்பில் எல்லோரும் போட்டு வைப்பார்கள்; எவராவது ஸ்க்ரூவைத் திருகினால் கோடு இரண்டாகப் பிரிந்து காட்டிக்கொடுத்துவிடும். உடைந்திருந்தால் விவகாரம் அப்போதே முடிந்திருக்கும். உடையவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. தான் போட்ட கோடு இவ்வளவு நேராகவா இருந்தது? தன் கை அவ்வளவு நேர்த்தியான கையா? கோலம் போட்டாலே ஒரு பக்கம் கோணிக்கொண்டு போகிற கை. நிறமும் ஒரு பொட்டு கருத்திருக்கிறது. ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டு, அதே நிறத்தில் புதிதாக ஒன்று இழுத்துவிட்டால்? அதே நிற பாட்டில் யாரிடம் இருக்கிறது? தோழி வத்சலாவிடம். கொடுத்தது யார்? மங்கையர்க்கரசியேதான், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று வந்ததில் இலவசத்தைத் தூக்கிக் கொடுத்தாள். புத்தியைச் செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும். கைப்பையில் கடிதம் இருந்தது. பதினோரு மணிக்குக் கமிட்டி கூடுகிறது, அதற்குள் கொடுப்பதாகச் செகரட்டரியிடம் சொல்லியிருந்தாள். 'என் துப்பாக்கியின் மேலுள்ள குறிபார்க்கும் கண்ணாடியை வேண்டுமென்றே நகர்த்தியவர் திருமதி வத்சலா என்று நம்புகிறேன்' என்று எழுதி, 'நம்புகிறேன்' என்பதை அடித்துவிட்டு 'உறுதியாகக் கருதுகிறேன்' என்று மாற்றி, ஐந்தாவது நகலில்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். கமிட்டி ஏற்றுக்கொண்டால் வத்சலாவைக் கிளப்பிலிருந்து நீக்குவார்கள். நீக்கினால் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கு எழுதுவார்கள். எழுதினால் அவளுடைய லைசென்ஸும் போகும், பதினொரு வருடத் துப்பாக்கியும் போகும். போகட்டும். மணி ஒன்பது நாற்பது. சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் கூட ஓடுகிறதோ என்று கைக்கடிகாரத்தையும் பார்த்தாள். கூட ஓடவில்லை, இரண்டும் ஒன்றுதான் காட்டின, ஆனாலும் அவளுக்கு முழுத் திருப்தி வரவில்லை.

மேகஸினைக் கழற்றியாகிவிட்டது, ஸ்லைடைப் பின்னால் இழுத்து குண்டு உட்காரும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுக் காலி என்று பார்த்தாகிவிட்டது, அதன்பிறகும் இன்னொரு முறை விரலை விட்டுப் பார்த்தாள். எதையும் ஒரே தடவையில் பார்த்து நம்பிவிடுகிற பிறவி அல்ல அவள். கல்லூரியில் வேதியியல் வாத்தியாரம்மா. பரீட்சை ஹாலுக்குள் மங்கையர்க்கரசி மேடம் நுழைகிறார் என்றால் கடைசி பெஞ்சில் பத்துப் பேர் கையை மேசைக்கு மேலே எடுத்து வைத்துவிடுவார்கள். வாட்ச் வாருக்கு அடியில், ஸ்கேலின் பின்புறத்தில், தாவணி மடிப்பில், எங்கெங்கே பிட்டு ஒளியும் என்று அவளுக்குத் தெரியும். எழுதுகிறவனை அவள் பார்ப்பதே இல்லை, எழுதாமல் யோசிக்கிற மாதிரி நடிக்கிறவனைத்தான் பார்ப்பாள். இருபத்தாறு வருடத்தில் தப்பாகப் பிடித்தது ஒரே ஒருமுறை. அந்தப் பெண்ணின் பெயர்கூட மறந்துவிட்டது, மறக்கவில்லை, தமயந்தி. மூடிய கையைத் திற என்றாள், அவள் திறக்க மாட்டேன் என்றாள், இரண்டு பேர் சேர்ந்து விரல்களைப் பிரித்தார்கள், உள்ளே மருதமலை விபூதிப் பொட்டலம். மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று பிரின்ஸிபாலே சொல்லிவிட்டார். கேட்கவும் இல்லை. இப்போது எதற்கு அந்தப் பெண்? அது வேறு, இது வேறு. அங்கே கையில் ஒன்றும் இல்லை. இங்கே பதினைந்து குண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்த இரும்புத் தகட்டுப் போட்டியில், பதினைந்து மீட்டரில், இரண்டு கையாலும் பிடித்துச் சுடுகிற போட்டி, கண்ணாடிக்குள் தெரிகிற சிவப்புப் புள்ளியை இலக்குத் தகட்டின் நடுவில் வைத்துத்தான் சுட்டாள், பதினைந்தில் பதினொன்று அந்தச் சின்னத் தகட்டைத் தாண்டி, நடுவிலிருந்து இடப்பக்கம் இரண்டு விரற்கடை தள்ளிப் பின்பலகையில் இறங்கின. எல்லாம் இடப்பக்கம். கை நடுங்கினால் நாலாபக்கமும் போகும். கண் மங்கினால் மேலும் கீழும் போகும். ஒரே பக்கம், ஒரே அளவு போனால் கண்ணாடி நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், அதைச் சொல்லப் பெரிய ஆள் வேண்டியதில்லை. ஐந்து வருடமாக அவள்தான் முதலிடம். அன்றைக்கு வத்சலா. கோப்பை வாங்கும்போது வத்சலா சிரித்தாள், போட்டோ எடுக்கிறவனைப் பார்த்தாள், செகரட்டரியைப் பார்த்தாள், கூரையைக்கூடப் பார்த்தாள், அரசியை மட்டும் பார்க்கவில்லை. எழுதாமல் யோசிக்கிற மாதிரி நடிக்கிறவள் வேறு எப்படி இருப்பாள்?

ஆலன் கீயை ஸ்க்ரூவில் நுழைத்தாள். திருகும்போது கோடு பிளந்தது, மெல்லிசாக ஒரு சத்தம்கூடக் கேட்ட மாதிரி இருந்தது. இனி இது சாட்சிக்கு ஆகாது. போட்டோ எடுத்து வைத்திருக்க வேண்டுமோ? எடுத்தாள்தான், ஆறு போட்டோ. நான்கு ஸ்க்ரூவையும் கழற்றித் தட்டில் வரிசையாக வைத்தாள். நான்கும் இறுக்கமாகத்தான் இருந்தன. அவ்வளவு இறுக்கம் தன் கையால் வருமா? வத்சலா தையல் மெஷின் மிதிக்கிறவள், துணி வெட்டுகிறவள், விரல் ஒவ்வொன்றும் இரும்பு. சாய்பாபா காலனியில் அவளுடைய தையல் கடையில் உட்கார்ந்துதான் இரண்டு பேரும் இந்த விளையாட்டில் சேர முடிவு செய்தார்கள். பெண்களுக்குப் பயிற்சி முகாம் என்று பேப்பரில் ஒரு விளம்பரம் வந்திருந்தது. இதற்கெல்லாம் நாம எதுக்கு என்றாள் அரசி, ஏன் நம்மளுக்குக் கண்ணு கையி இல்லியா என்றாள் வத்சலா. ஒரே வாரத்தில் பெயர் கொடுத்தார்கள், ஒரே ஸ்கூட்டரில் வந்தார்கள். நாற்பது தாண்டி அரசிக்குக் குழல் நுனியிலிருக்கும் முன்குறியும் இலக்குத் தகடும் ஒருசேரத் தெரியாமல் போனபோது, பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புள்ளிக் கண்ணாடி மாட்டு புள்ள என்று யோசனை சொன்னதும் வத்சலாதான். நல்லதுக்குத்தான் சொன்னாளா? அப்போதே மனதில் ஏதாவது இருந்திருக்குமோ? கண்ணாடி மாட்டினால்தானே கண்ணாடியை நகர்த்த முடியும். சே, ஐந்து வருடத்துக்கு முன்னால் போட்ட திட்டமா, அவ்வளவு பொறுமையா அவளுக்கு? ஒரு பிளவுஸ் சொன்ன தேதிக்குக் கொடுத்ததில்லை. ஆனால் துப்பாக்கியை வைத்துப் பூட்டுகிற கிளப் லாக்கர் சாவி? பெண்கள் பிரிவு இணைச் செயலாளர் என்று ஒரு பதவி, அதற்கு ஒரு மாற்றுச் சாவிக் கொத்து. அந்தப் பதவிக்கு அவள் பெயரை முன்மொழிந்தவள் யார்? அதுவும் அரசியேதான். தன் கண்ணைக் குத்திக்கொள்ள ஆளையும் தேடி ஊசியையும் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். தட்டிலிருந்து ஒரு ஸ்க்ரூ உருண்டது, கீழே விழுந்து காலுக்கடியில் எங்கோ போனது. குனிந்து தேடினாள். கிடைத்ததும் அது தன்னுடைய ஸ்க்ரூதானா என்று மற்ற மூன்றோடு வைத்து அளந்து பார்த்தாள். அவளுடையதுதான்.

ஸ்பிரிட் தொட்ட துணியால் ஸ்க்ரூக்களைத் துடைத்து எண்ணெய் போக்கினாள், எண்ணெய் இருந்தால் பசை பிடிக்காது. ஸ்க்ரூ மரைக்கு, கழன்றுவிடாமல் இருக்க, ஒரு சொட்டு நீலப் பசை. கண்ணாடியைத் தாங்குகிற தகட்டைத் துப்பாக்கியின் இடப்பக்கம் பொருத்தி, குறுக்கும் மறுக்குமாக ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினாள். ஒரே பக்கம் இறுக்கினால் தகடு இழுத்துக்கொள்ளும் என்று கிளப்புக்கு வந்த முதல் மாதமே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இந்தத் தகடு கணபதியில் ஒரு லேத்துப் பட்டறையில் போன வைகாசியில் செய்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரும் வரும் என்று ஒரு வருடம் போய்விடும். அலுமினியத்தில், இடப்பக்கம் ஸ்க்ரூவில் பிடித்து, மேலே வளைந்து கண்ணாடியைத் தூக்கிக்கொள்ள, அதே தகட்டின் முன்பக்கம் இடது கட்டைவிரலை ஊன்றிக்கொள்ள ஒரு சின்னத் தாங்கி. சுடும்போது துப்பாக்கி மேலே துள்ளாமல் அந்த விரல் அமுக்கிப் பிடிக்கும். அஞ்சு மில்லி கனம் போட்டறலாம்ங்க என்றார் லேத்துக்காரர். மூன்று போதும் என்றாள் அரசி. மூணுன்னா வெரலு வெச்சு அமுக்குனா அசைவு குடுக்குமுங்க, வெரலுத் தாங்கியத் தனியா பாடியிலயே புடிச்சறலாமே என்றார். வேண்டாம், எடை கூடும், மூன்றிலேயே செய்யுங்கள் என்றாள். கிளப்பில் எல்லோருக்கும் இந்தப் பைத்தியம் உண்டு, நாற்பது கிராம் குறைந்துவிட்டால் நாலு தகடு கூட விழும் என்று நம்புகிறவர்கள். தன் வயிற்றைச் சுற்றி எட்டுக் கிலோவைச் சுமந்துகொண்டு துப்பாக்கியில் கிராம் பிடிக்கிறாள் என்று கணவர்கூடச் சிரித்தார். பட்டறையில் அவளோடு யார் இருந்தார்கள்? வத்சலா இருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்து பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதே அளவெடுத்திருப்பாள், எந்த ஸ்க்ரூ எந்தப் பக்கம் என்று. காலையில் இட்லிக்கு முன்னால் கணவர் கேட்டார், உறுதியாத் தெரியுமா, எழுதிக் குடுத்துட்டா திருப்பி வாங்க முடியாது அரசி. உறுதியாகத் தெரியும் என்றாள். அவர் சட்னியைப் பார்த்துக்கொண்டே, சரி என்றார். அந்தச் சரி அவளுக்குப் பிடிக்கவில்லை. அவரும் வத்சலா பக்கமோ?

துப்பாக்கியை மேசையோரத்து இடுக்கியான வைஸில், ரப்பர் பட்டைக்கு நடுவில், பூப்போல இறுக்கினாள். எதிர்ச் சுவரில் கூட்டுறவு வங்கிக் காலண்டர். புள்ளிக் கண்ணாடியின் விளக்கைப் போட்டுவிட்டு, வைஸைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சிவப்புப் புள்ளியைப் பதினேழாம் தேதியின் மேல் உட்கார வைத்தாள். உட்கார்ந்தது. அசையவில்லை. இனி தகட்டைத் தட்டிப் பார்க்கவேண்டும், இறுக்கிய ஸ்க்ரூ தட்டினால் நகராது, தளர்த்திய ஸ்க்ரூதான் நகரும், ஆகவே அன்றைக்கு யாரோ தளர்த்தித்தான் இருக்கவேண்டும், கமிட்டியில் கேட்டால் இப்படித்தான் வரிசையாகச் சொல்ல வேண்டும். ரப்பர் சுத்தியால் தட்டினாள். நகரவில்லை. திருப்தியாக இருந்தது. பழக்க தோஷத்தில் இடது கை தானாகப் போய்த் துப்பாக்கியைச் சுற்றிப் பிடித்தது, கட்டைவிரல் தாங்கியில் ஊன்றியது, மனசுக்குள் கமிட்டி முன்னால் நிற்கிறாள், எதிரில் வத்சலா நிற்கிறாள், ஏண்டி இப்படிப் பண்ணினாய் என்று கேட்கிறாள், பல்லைக் கடித்தாள், விரல் அமுங்கியது. கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி பதினேழிலிருந்து எழுந்து பதினெட்டின் பக்கம் போனது. கையை எடுத்தாள். புள்ளி பதினேழுக்கே திரும்பி வந்து உட்கார்ந்தது. மறுபடி விரலை வைத்தாள், மெதுவாக வைத்தாள், புள்ளி நகரவில்லை. அமுக்கினாள். வலப்பக்கம் போனது. விட்டாள். வந்தது. கண்ணாடி வலப்பக்கம் திரும்பினால், புள்ளியை இலக்குத் தகட்டில் வைக்கிறபோது குழல் எங்கே பார்க்கும்? இடப்பக்கம். எவ்வளவு? கணக்குப் போடத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனாலும் காகிதத்தில் போட்டாள். நாலு மீட்டர்ச் சுவரில் அரை விரற்கடை, பதினைந்து மீட்டர் இலக்குத் தகட்டில் எவ்வளவு? இரண்டு விரற்கடை வந்தது.

இல்லை, இருக்காது. இத்தனை வருடம் இதே விரல்தானே? இத்தனை வருடம் பழைய தகடு, அது உருக்கு. இந்தத் தகட்டோடு பயிற்சியில் நன்றாகத்தானே சுட்டாள்? பயிற்சியில் விரல் சும்மா சாய்ந்துகொண்டிருக்கும். போட்டியில், பக்கத்துத் தடத்தில் வத்சலாவின் தகடுகள் டங் டங் என்று விழுகிற சத்தம் கேட்கக் கேட்க இவள் அமுக்கியிருக்கிறாள், சத்தம் கூடக் கூட விரலும் இறங்கியிருக்கிறது. முதல் நாலு குண்டு சரியாகத்தான் விழுந்தன, பிறகுதான் பதினொன்று. அதையும் அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறாள், அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தாள், நாலு குண்டு அதிர்ச்சிக்குத் தளர்ந்த ஸ்க்ரூ நகர்ந்துவிட்டது என்று. எவ்வளவு அழகான விளக்கம். அவளுக்கு வெட்கமாக இருந்தது, வெட்கத்துக்கு அடியில் கோபமும் இருந்தது, கோபத்துக்கு ஆள் இல்லாமல் போய்விட்டதே என்று ஒரு பரிதவிப்பும் இருந்தது. மூன்று வாரமாக ராத்திரி படுத்தால் வத்சலா, காலையில் எழுந்தால் வத்சலா. இப்போது அந்த இடம் காலியானால் அங்கே யார் வந்து உட்காருவது, தானா? மணி பத்து இருபத்தைந்து. அறையில் யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே ஸ்டோர் கீப்பர் மயில்சாமி வேப்பமரத்தடியில் தகடுகளுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. கடிதம் எழுதியது எழுதியதுதான். வேறு ஐந்து மில்லி தகடு செய்துகொண்டால் புள்ளி நகரப் போவதில்லை, நகர்ந்த கதை யாருக்கும் தெரியப் போவதில்லை. கோட்டின் நிறம் கருத்திருந்தது உண்மைதானே? சாவி வத்சலாவிடம் இருப்பது உண்மைதானே? அவள் முகத்தைப் பார்க்காமல் இருந்தது உண்மைதானே? விரல் காரணம் என்றால் அவள் கை வைக்கவில்லை என்று ஆகிவிடுமா, இரண்டும் நடந்திருக்கலாமே? இத்தனை பேரிடம் ஜாடையாகச் சொல்லியும் ஆகிவிட்டது. இப்போது போய் என் விரல்தான் என்றால் சிரிக்க மாட்டார்களா? கைப்பையைத் திறந்து கவரைத் தொட்டுப் பார்த்தாள். மூடினாள். மறுபடி விரலைத் தாங்கியில் வைத்து அமுக்கினாள், ஒருவேளை இந்தத் தடவை நகராமல் இருக்குமோ என்று. நகர்ந்தது. தமயந்தியின் விரல்கள் ஞாபகம் வந்தன, ஒவ்வொன்றாகப் பிரித்தபோது அந்தப் பெண் அழவில்லை, அரசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்துவிடலாம். வேண்டாம். பதினொரு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. கொடுத்துவிடலாம்.

"வெரலா?"

கதவருகில் வத்சலா நின்றிருந்தாள். தோளில் தையல் கடையில் அளவெடுக்கும் இஞ்சி டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. மூன்று வாரத்தில் அவள் அரசியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"என்னது?" என்றாள் அரசி.

"வெரலு அமுக்குனா புள்ளி ஓடுதா?" வத்சலா உள்ளே வந்தாள். வைஸுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள், துப்பாக்கியைத் தொடவில்லை. "அன்னைக்கே பாத்தேன், நான் மேகஸின் மாத்தறப்போ. அஞ்சாவது குண்டுக்கு உன்ற கட்டைவெரல் நகம் வெள்ளையா வெளுத்துப் போச்சு. லேத்துக்காரரு சொன்னாருல்ல, அமுக்குனா அசையும்னு. அதான்னு நெனச்சேன்."

அரசி தாங்கியிலிருந்து விரலை எடுத்தாள். "பாத்தியா? பாத்துட்டுச் சொல்லலியா?"

"சுடறவகிட்டப் பேசக் கூடாதில்ல. ரூலு."

"போட்டி முடிஞ்சு?"

வத்சலா இஞ்சி டேப்பின் நுனியை விரலில் சுற்றினாள், பிரித்தாள். "முடிஞ்சு சொல்லலாம்னுதான் இருந்தேன். கோப்பையக் குடுத்துட்டாங்க. அஞ்சு வருசமா ரெண்டாவது நின்னவ நானு, அரசி. அன்னைக்கு ஒரு நா நானே ஜெயிச்ச மாதிரி இருந்துட்டுப் போறேனேன்னு இருந்துட்டேன். அடுத்த நா ஃபோன் பண்ணுனேன், நீ எடுக்கல. அப்பறம் நீ எடுக்காததே எனக்கு வசதியாப் போச்சு. ஏஞ் சொல்லோணும்னு விட்டுட்டேன்."

எதிர்பார்த்ததெல்லாம் இல்லை என்று ஆகி, எதிர்பாராதது ஒன்று வந்து நின்றது. இவள் தொடவில்லை. ஆனால் இவளுக்குத் தெரிந்திருக்கிறது. அரசிக்குள் இருந்த வாத்தியாரம்மா அந்த நிமிடத்திலும் தேடினாள், இதற்குக் கிளப் விதியில் என்ன எண், கடிதத்தில் எந்த வரியில் இதைச் சேர்ப்பது என்று. எந்த வரியிலும் சேராது. பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததற்கு எந்த ஊர்க் கமிட்டியில் தண்டனை உண்டு? மனசு ஆறவில்லை. அதே சமயம், மூன்று வாரத்தில் முதல் தடவையாக நன்றாக மூச்சு விட முடிந்தது.

"லெட்டர் கொண்டாந்திருக்கியாமா," என்றாள் வத்சலா. "மயில்சாமி சொன்னான்."

"ஆமா."

"நான் ஸ்க்ரூவத் திருகிட்டேன்னா எழுதியிருக்குது?"

"ஆமா."

வத்சலா தலையை ஆட்டினாள். கண் கலங்கியது, புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. வெரலுதான்னு உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இப்பத்தான். அரை மணி நேரம் இருக்கும்."

"தெரிஞ்சதுக்கு அப்பறமும் குடுக்கறதாத்தான் இருந்தியா?"

ஒரு பொய் அரசியின் வாய் வரைக்கும் வந்தது. வேப்பமரத்தடியில் மயில்சாமி பெயிண்ட் டப்பாவை மூடுகிற சத்தம் கேட்டது.

"இருந்தேன்," என்றாள். "நீ வந்து நிக்கற வரைக்கும் இருந்தேன்."

"நானு மூணு வாரம் சொல்லாம இருந்தேன்," என்றாள் வத்சலா.

மயில்சாமி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "மேடம், கமிட்டி ரூம்ல டீ வெச்சாச்சுங்க. செகரட்டரி உங்க லெட்டரக் கேக்கறாருங்க."

"லெட்டர் இல்லீங்கன்னு சொல்லிருங்க மயில்சாமி," என்றாள் அரசி. "டீ ரெண்டு இங்க வாங்கிட்டு வந்துருங்க."

அவர் போனபிறகு கவரை எடுத்து நாலாகக் கிழித்தாள், எட்டாகக் கிழித்தாள், மேசைக்கடியில் இருந்த எண்ணெய்த் துணி வாளியில் போட்டாள். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொள்ளவில்லை, மன்னிப்பும் கேட்டுக்கொள்ளவில்லை. தகட்டை மறுபடி கழற்றிக் கணபதிப் பட்டறைக்கு எடுத்துப்போக வேண்டும், தாங்கியைத் தனியாகப் பிடிக்கச் சொல்ல வேண்டும். கண்ணாடி விழாமல் இருக்க யாராவது ஒரு கை பிடிக்கவேண்டும். "இந்தப் பக்கம் கொஞ்சம் புடி," என்றாள் அரசி. வத்சலா பிடித்தாள். ஆலன் கீயால் முதல் ஸ்க்ரூவைத் தளர்த்தும்போது அரசியின் கண் ஸ்க்ரூவில் இல்லை, வத்சலாவின் விரல்களிலேயே இருந்தது. வத்சலா அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் விரல்களை வெளிச்சத்தில் நன்றாகத் தெரிகிற மாதிரி நகர்த்தி வைத்துக்கொண்டாள்.